துரை வண்டிச் சத்தம்

1948-இல் கித்தான் கூரையோடு வெளிவந்த லேண்ட்ரோவர், பேராக் தோட்டங்களில் துரைமாரின் வாகனமாயிற்று. வண்டிக்குள் இரைச்சலை யாரும் அளக்கவில்லை. துரை கத்துவார், கிராணி தலையாட்டுவார், நிர்வாகம் நடந்தது.

ஈப்போவில் என் மைத்துனருக்கோ கூரை கழற்றும் ஜீப்பும் வேண்டும், உள்ளே நூலக அமைதியும் வேண்டும். கைப்பேசியில் டெசிபல் செயலியை இறக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் 110-இல் விரட்டினார். எண் 80-ஐத் தொட்டது. "70தானே மாமா இருக்கணும், பத்துதான் கூட" என்றேன். பத்து ஏறினால் காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு என்று விளக்கினார். மெனோரா சுரங்கத்துக்குள் செயலியை அணைத்துவிட்டார். சில உண்மைகளைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

பிறகு வைத்தியம். தகரம் அதிராமலிருக்கத் தரையில் பியூட்டைல் தகடு. காற்று சீறாமலிருக்கக் கதவோரம் புது ரப்பர் பட்டை. இரண்டும் பெட்ரோலியத்தில் பிறந்த செயற்கை ரப்பர். வெயிலும் ஓசோனும் இயற்கை ரப்பரை வெடிக்கவைக்குமாம். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேரன், கப்பலில் வந்த ரப்பருக்கு வெள்ளி எண்ணிக் கொடுத்தார். தாத்தா வெட்டிய இடத்தில் இப்போது செம்பனை.

இரைச்சல் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். இரண்டு வருடத்தில் அவர் கூரையைக் கழற்றியது ஒரே ஒரு முறை: இந்தப் பட்டையை ஒட்டத்தான்.