மட்கார்டு இல்லாதவர் கடைசியில் வரவும்

பர்மிங்காம்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடையும் அத்தையின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். "ஞாயித்துக்கெழம ஆனா ஃபோனையே எடுக்க மாட்டேங்கற, அங்க என்னதான்டா பண்ற?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே சிரித்து, கடையில் காற்றடிக்க வந்தவரிடமும் சொல்லி, குள்ளஞ்சாவடி பஸ் ஸ்டாப் வரைக்கும் செய்தி போயிருக்கும். அதனால்தான் கடிதம். மாமா, நான் இங்கே சைக்கிள் ஓட்டுகிறேன்.

வேலைக்குப் போக இல்லை. சந்தைக்குப் போகவும் இல்லை. விடிவதற்கு முன்னால் கிளம்பி, 200 கிலோமீட்டர் மழையில் மிதித்து, எங்கிருந்து கிளம்பினோமோ அங்கேயே ராத்திரி வந்து இறங்குகிறோம். இதற்குச் சம்பளம் கிடையாது. நாங்கள்தான் பணம் கட்டுகிறோம்.

இதை நடத்த ஒரு சங்கம் இருக்கிறது. ஆடாக்ஸ் யூகே என்று பெயர், 1976-ல் ஆரம்பித்தது. பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்கு இந்த நாட்டுக்காரர்கள் தகுதி பெற வேண்டும் என்பதற்காகவே ஆரம்பித்தார்களாம். பாரிஸிலிருந்து மேற்கே பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்ப வேண்டும். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-ல் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகை ஆசிரியர் தொடங்கிவைத்தது. முதல் தடவை ஜெயித்த சார்ல் தெரோன் தூங்காமலேயே மிதித்து 72 மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 2023-ல் நடந்தது, அடுத்தது 2027-ல். இதன் பெயரில் ஒரு பலகாரமே இருக்கிறது, 1910-ல் சைக்கிள் சக்கர வடிவத்தில் செய்தது. நம் பக்கத்தில் வடையில் இவ்வளவு காலமாக ஓட்டை போடுகிறோம், ஒருத்தராவது அதற்குக் கடலூர்–விருத்தாசலம் என்று பேர் வைத்தார்களா?

நாங்கள் ஓட்டுவது பந்தயம் இல்லை என்பதுதான் முதல் விதி. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்றெல்லாம் பட்டியல் கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். ரொம்ப வேகமாகப் போனால் திட்டு விழும். நடுவில் முத்திரை குத்துகிற இடத்தைத் திறந்திருக்க மாட்டார்கள், வாசலில் நிற்க வேண்டியதுதான். இன்னொரு வேடிக்கை, இந்த நாட்டில் ரோட்டுப் பலகையெல்லாம் மைலில் இருக்கும், எங்கள் சங்கம் மட்டும் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி கிலோமீட்டரில் கணக்குப் போடும். அதனால் எல்லோரும் முனகிக்கொண்டே வகுத்தல் பெருக்கல் போட்டுக்கொண்டு மிதிக்கிறார்கள்.

கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். வழியில் டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் அதில் முத்திரையோ ரசீதோ வாங்க வேண்டும். ஆளில்லாத காட்டுப் பாதையானால், அங்கே நிஜமாகப் போனோமா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்: "சர்ச்சுக்கு எதிரே உள்ள தபால் பெட்டியின் எண் என்ன?" ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நாலு பேர், ஒருவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், கொட்டுகிற மழையில் டார்ச் அடித்துத் தபால் பெட்டியைச் சுற்றிவருவதை நீங்கள் பார்க்க வேண்டும். நம் ஊரிலென்றால் போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாமான்.

இங்கே நல்ல விலை கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கினால் அதில் மட்கார்டு இருக்காது, கேரியர் இருக்காது, ஸ்டாண்டு இருக்காது. சில சைக்கிள்களில் பெடலே இருக்காது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். எடை குறைய வேண்டுமாம். கடையில் ஒற்றை விரலால் தூக்கிக் காட்டுவார்கள். அப்புறம் குளிர்காலம் வரும். முன்னால் போகிறவரின் பின்சக்கரம் அடிக்கிற சேறு பின்னால் வருகிறவர் வாய்க்குள் போகும். உடனே எங்கள் சைக்கிள் கிளப்பில் சொல்லிவிடுவார்கள்: மட்கார்டு மாட்டு, அதன் நுனியில் ரப்பர் தொங்கட்டும், இல்லையென்றால் எல்லோருக்கும் கடைசியில் வா. அன்றைக்கு அந்த விலையுயர்ந்த கார்பன் சைக்கிள்காரர் தனியாகப் பின்னால் வருவார், ஊரை விட்டுத் தள்ளி வைத்தவர் மாதிரி.

அடுத்தது டைனமோ. ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கு பேட்டரி தாங்காது என்று முன்சக்கரத்து அச்சுக்குள்ளேயே ஒரு டைனமோ வைக்கிறார்கள். ஜெர்மனியில் செய்ததென்றால் அது மட்டும் 200 பவுண்டுக்கு மேல். ரூபாயில் போட்டால் இருபதாயிரத்தைத் தாண்டும். டயரில் உரசி உர்ரென்று கத்துகிற உங்கள் டைனமோவைப் பற்றி கிளப்பில் சொன்னேன். "கூடுதல் பளுவோடு மிதிக்க நீங்கள் எல்லோரும் பழகியிருந்தீர்களா?" என்று பயபக்தியோடு கேட்டார்கள்.

சீட் விஷயத்தில் எங்கள் ஊருக்கே பெருமை. பர்மிங்காமை ஒட்டின ஸ்மெத்விக்கில்தான் புரூக்ஸ் கம்பெனி தோல் சீட் செய்கிறது. 1866-ல் ஆரம்பித்த கம்பெனி. புதிதில் பலகை மேல் உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டின பிறகு சீட் நம் வடிவத்துக்கு வரும் என்கிறார்கள். நாம் சீட் வடிவத்துக்கு வந்துவிடுகிறோம் என்பது என் கட்சி. வலி தாங்க மெத்தை வைத்த இறுக்கமான கால்சட்டை ஒன்று போடுகிறோம். அதற்குள்ளே ஜட்டி போடக்கூடாது, களிம்பு பூச வேண்டும். இந்த இரண்டு வரியை அத்தைக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

செயினுக்கு நீங்கள் மண்ணெண்ணெயில் கழுவி ஆயில் விடுவீர்கள். இங்கே மெழுகு. மின்சாரக் குக்கரில் மெழுகை உருக்கி, செயினைக் கழற்றி அதில் ஊறப்போட்டு எடுத்துத் தொங்கவிடுகிறார்கள். ஒருவர் வீட்டுக்கு டீ குடிக்கப் போனபோது அடுப்படியில் மூடி போட்ட குக்கர் இருந்தது. சாம்பார் என்று நினைத்து ஆவலாகத் திறந்தேன்.

பஞ்சர் மட்டும் எல்லோருக்கும் அவரவர் கைவேலைதான். புளியமரத்தடியில் டயர் தொங்குகிற கடை, தகரத் தொட்டியில் தண்ணீர், அதில் டியூபை அமுக்கிக் குமிழி பார்க்கிற ஆள், இதெல்லாம் எந்த முச்சந்தியிலும் இல்லை. உங்களை இங்கே கொண்டுவந்து ஒரு மரத்தடியில் உட்காரவைத்தால் வருஷம் முழுக்கக் கூட்டம் இருக்கும்.

சோறு பற்றி அம்மா கேட்டால், கிடைக்கிறது என்று சொல்லுங்கள். கிராமத்து மண்டபங்களில் ரொட்டி மேல் பீன்ஸ் ஊற்றித் தருவார்கள். டின்னில் அடைத்த பாலும் சோறும் சர்க்கரையும் தருவார்கள். சைக்கிள்காரர்களுக்கு அது அமிர்தம். தூக்கம் வந்தால் பஸ் நிழற்குடை. வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு பெரிய உத்தியோகஸ்தர்களெல்லாம் பெஞ்சில் கிடப்பார்கள். பிரான்ஸுக்குப் போய்வந்தவர்கள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: அந்தப் பாதைக் கிராமங்களில் ஜனங்கள் நடுராத்திரியிலும் வாசலில் மேஜை போட்டு காபியும் தோசை போல ஒன்றும் கொடுக்கிறார்களாம். காசு வாங்குவதில்லை, ஊருக்குப் போய் ஒரு கார்டு போடு என்பார்களாம். வடலூரில் வள்ளலார் 1867-ல் ஆரம்பித்த தருமசாலையைப் பற்றி நான் சொன்னேன், அன்றைக்கு மூட்டின அடுப்பு இன்னும் அணையவில்லை என்று. "அது எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது?" என்று கேட்டார்கள்.

2025 ஆகஸ்டில் லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்புகிற 1,500 கிலோமீட்டர் ஓட்டத்தைப் புயல் வந்து பாதியில் நிறுத்திவிட்டது. ஃபுளோரிஸ் என்று பேர். கிளப்பில் வாரக்கணக்கில் அதே பேச்சு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டதை நான் எடுத்துச் சொல்லவில்லை. புயலுக்குப் புயல் போட்டி வைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் ஒன்று சொன்னேன். டிபன் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு நெய்வேலிச் சுரங்கத்துக்கு ராத்திரி ஷிப்ட் போனவர்கள், பண்ருட்டிச் சந்தைக்குக் கேரியரில் பலாப்பழம் கட்டிக்கொண்டு மிதித்தவர்கள், பால் கேனோடு விடியற்காலையில் போகிறவர்கள், இவர்கள் ஒருத்தரும் எந்த அட்டையிலும் முத்திரை வாங்கினதில்லை என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் வாத்தியார் மட்டும், "அவர்கள் எல்லோருக்கும் மட்கார்டு இருந்ததா?" என்றார். இருந்தது என்றேன்.

இனி காரியம். போனில் இருந்த உங்கள் கடை போட்டோவை அவர்களுக்குக் காட்டினேன். மணி வாடகைக்கு விடுவீர்களே, அந்தப் பழைய ஹெர்குலிஸ் நிற்கிறதே, அந்தப் படம். ஹெர்குலிஸ் என்பதே 1910-ல் இந்த பர்மிங்காமில் பிறந்த பெயர். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து கம்பெனி தொடங்க, அப்புறம் அம்பத்தூருக்குக் குடிபெயர்ந்தது. அதாவது எனக்கு எதிர்த்திசையில். படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார்கள். இரும்பு ஃப்ரேம், இரண்டு மட்கார்டு, ஸ்பிரிங் வைத்த சீட், டைனமோ, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு. எல்லாம் ஒரே சைக்கிளில்! "யார் கையால் செய்தது?" என்றார் ஒருவர். எங்கள் மாமா என்றேன். பொய்யில்லை, அதில் கம்பெனி சாமான் என்று மிச்சமிருப்பது ஃப்ரேம் ஒன்றுதானே. ஆர்டர் கொடுத்தால் எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது போன் செய்தால் மாற்றிப் பேசிவிடாதீர்கள். விலையை மட்டும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்