நிதானமாகத் தோற்கும் கலை

லாஸ் வேகாஸ், நெவாடா

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி தேவலையா? மலேசியாவில் நம் சுங்காயில் மழை விடாமல் கொட்டுகிறது என்று தம்பி சொன்னான். பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். 2024 ஜூலையில் இந்த ஊர் வெயில் 48.9 பாகைக்குப் போனது. அத்தை அப்பளத்தை வெளியே காயவைத்தால் பொரிந்தே கிடைக்கும்.

நான் தாதி வேலை பார்ப்பது மருத்துவமனையிலா, சூதாட்ட விடுதியிலா என்று அத்தை கேட்டார்களாம். மருத்துவமனையில்தான். ஆனால் இங்கே சூதாட்டத்தைத் தேடி யாரும் போவதில்லை. அதுவே எதிரே வந்து நிற்கும். 1931-இலேயே சட்டம் போட்டு அனுமதித்த மாநிலம் இது. விமான நிலையத்தில் இறங்கினால் இயந்திரம், பெட்ரோல் போடப் போனால் இயந்திரம், மளிகைக்கடையில் பால் வாங்கிவிட்டுத் திரும்பினால் இயந்திரம். நம் நாட்டுக் கெந்திங் சூதாட்ட விடுதிக்காரர்களும் வந்துவிட்டார்கள் மாமா! லிம் கோ தோங் 1971-இல் மலையுச்சியில் ஹோட்டலைத் திறந்தார்; அந்தக் குழுமம் 2021 ஜூனில் இங்கே பாலைவனத்தில் ரிசார்ட்ஸ் வேர்ல்டைத் திறந்திருக்கிறது. உள்ளே நம் பக்கத்து ஒட்டுக்கடை பாணியில் ஒரு சாப்பாட்டுக் கூடமும் உண்டு. கடல் தாண்டி வந்தாலும் கெந்திங் நம்மை விடுவதாக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். அவரிடம் நான் வீடியோ போக்கர் படிக்கிறேன். 'ஆடுகிறேன்' என்று அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். 'படிக்கிறேன்' என்றே சொல்லுங்கள். முதல் பாடமெல்லாம் வீட்டுக் கணினியில், காசில்லாமல். தவறான சீட்டை வைத்துக்கொண்டால் கணினி கத்தும். கணினி கத்தாத அன்று ஆசிரியை கத்துவார்.

ஆட்டம் சுலபம். திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரே ஒருமுறை மாற்றலாம். ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். சம்பள நாள் இரவில் தோட்டத்து லயத்தில் நடக்கும் சீட்டாட்டம் போல இல்லை. கையில் ஒன்றுமே இல்லாமல் முகத்தை ராஜா மாதிரி வைத்துக்கொண்டு மண்டோரையே எழுந்து ஓடவைத்தவர் நீங்கள். அந்த வித்தை இங்கே செல்லாது. இயந்திரத்துக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆனால் ஒரு நேர்மை உண்டு: திரையில் சீட்டைக் காட்டும் இயந்திரம் உண்மையான 52 சீட்டுக் கட்டுக்கு உள்ள வாய்ப்பையே தர வேண்டும் என்பது நெவாடா விதி. அதனால்தான் இதைக் கணக்குப் போட்டுப் படிக்க முடிகிறது. பழப்படம் சுற்றும் இயந்திரத்தில் என்ன படிப்பது?

ஆசிரியையின் முதல் கட்டளை: உட்காருவதற்கு முன், எந்தச் சீட்டுக்கு எவ்வளவு பணம் என்ற பலன் பட்டியலைப் படி. அதிலும் இரண்டு வரி போதும். ஃபுல் ஹவுஸுக்கு (மூன்று ஒரே எண், மற்ற இரண்டும் ஜோடி) ஒன்றுக்கு 9, ஃபிளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 என்று இருந்தால், பிசகாமல் ஆடுகிறவருக்கு நூற்றுக்கு 99.54 திரும்பி வரும். 8, 5 என்று இருந்தால் 97.30. 6, 5 என்றால் 95. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே நிறம், ஒரே விளக்கு, ஒரே பாட்டு. வித்தியாசம் அந்தச் சின்ன எழுத்தில்தான். நாங்கள் இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இயந்திரம் இயந்திரமாகக் குனிந்து படித்துக்கொண்டு போவதைப் பார்த்து, ஏதோ அரசாங்க அதிகாரிகள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

இரண்டாவது கட்டளை: மரியாதை பார்க்காதே. கையில் ஒரு ராஜாவும் இரண்டு நாலும் வந்தால் நமக்கு ராஜாவை அனுப்ப மனம் வராது. அனுப்பத்தான் வேண்டும், நாலு ஜோடிதான் நமக்குச் சோறு போடும். மூன்றாவது கட்டளை இதற்கு நேர் எதிர். இஸ்பேட்டில் 10, ஜாக், குயின், கிங், கூடவே ஒரு 4 வந்தால் அது ஃபிளஷ்; பணம் கையில் இருக்கிறது. அந்த 4-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு ஏஸுக்குக் காத்திருக்க வேண்டுமாம், ராயல் ஃபிளஷுக்காக. ஏஸ் வர 47-இல் ஒரு வாய்ப்பு. முதன்முறை கேட்டபோது நம் குடும்ப ரத்தம் கொதித்தது. ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ராயல் வந்தால் ஐந்து நாணயம் போட்டவருக்கு 4,000 நாணயம். கால் டாலர் இயந்திரத்தில் ஆயிரம் டாலர். அது சராசரியாக 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். எனக்கு இன்னும் வரவில்லை. ஆசிரியை தனக்கு வந்ததைப் படம் எடுத்து, பேரப்பிள்ளைகள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். படச்சட்டம் இதற்குத்தான் பெரிது.

இப்போது உங்கள் நாலு நம்பர் லாட்டரிக்கு வருகிறேன். கோபிக்காமல் கேளுங்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர். சுங்காய், பீடோர், தாப்பா மக்கள் ஆளுக்கொன்றாக எல்லா நம்பரையும் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) 'பெரிசு' வகையில் வாங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். கடைக்குப் போனது 10,000 வெள்ளி. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்கு 180 வீதம், ஆறுதல் பரிசு பத்துக்கு 60 வீதம். கூட்டினால் 6,400. ஒரு வெள்ளிக்கு 64 காசுதான் திரும்புகிறது. மோதிய காரின் நம்பரை வாங்கினாலும், கனவில் வந்த பாம்பின் நீளத்தை வாங்கினாலும் அதே 64 காசு. என் இயந்திரத்திலோ 99 காசுக்கு மேல்!

இதை ஆசிரியையிடம் பெருமையாகச் சொன்னேன். "உன் மாமா வாரத்துக்கு எவ்வளவு வாங்குவார்?" என்று கேட்டார். புதன், சனி, ஞாயிறு, நாலு நாலு வெள்ளி என்றேன். அவர் பென்சிலை எடுத்தார். பன்னிரண்டு வெள்ளியில் வெள்ளிக்கு 36 காசு நட்டம். சராசரியாக வாரத்துக்கு 4 வெள்ளி 32 காசு. அடுத்து என் கணக்கு. ஆட்டத்துக்கு ஒன்றேகால் டாலர். மணிக்கு 600 ஆட்டம் தட்டினால் 750 டாலர் உள்ளே போய் வருகிறது. 99.54 இயந்திரத்தில், ஒரு பிழையும் இல்லாமல் ஆடினாலும் மணிக்கு சராசரி நட்டம் மூன்றரை டாலருக்குப் பக்கம். நம் பணத்தில் பதினாலு வெள்ளிக்குப் பக்கம். அதே வேகத்தில் 95 இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தால் முப்பத்தேழரை டாலர்.

புரிகிறதா மாமா? இவ்வளவு படித்து, பட்டியல் மனப்பாடம் செய்து, ராஜாவை விரட்டி, நான் ஒரு மணி நேரத்தில் தோற்பது, நீங்கள் பாம்புக் கனவை நம்பி மூன்று வாரத்தில் தோற்பதைவிட அதிகம். சதவீதக் கணக்கில் நான் கெட்டிக்காரி, பணக்கணக்கில் நீங்கள். விகிதத்தைப் பார்த்து மயங்கும் ஆளை வேகம் விழுங்கிவிடும். ஆகவே ஆசிரியை நான்காவது கட்டளையும் போட்டிருக்கிறார்: மெதுவாகத் தட்டு, இடையில் பேசு, ஓசியில் வரும் காப்பியைக் குடி, கொண்டுவந்த பெண்ணுக்கு ஒரு டாலர் கொடு, ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடு. இதில் எனக்கு நன்றாக வருவது பேச்சு. அதனால்தான் என் நட்டம் குறைந்திருக்கிறது.

அத்தையிடம் முதல் இரண்டு பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். தம்பியின் செம்பனைத் தோட்ட வேலை நிலைத்ததா என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு: தபால் அனுப்ப என் வீட்டு எண் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தபாலுக்குத்தான் என்று நம்பி உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஐந்து இலக்கம். எந்த இலக்கத்தை விடுவது என்று யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். எதை விட்டாலும் 64 காசுதான்.