மாண்புமிகு செயலி அவர்களின் சமூகத்துக்கு

அனுப்புநர்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தகப்பன்.

பெறுநர்: தலைமையாசிரியரின் கைப்பேசியில் குடியிருக்கும் மாண்புமிகு செயலி அவர்கள்.

பொருள்: தாங்களே நேரில் எழுந்தருளி வகுப்பெடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் பள்ளியில் வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இருவர். இதில் குற்றம் ஏதுமில்லை. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பிள்ளைகளை எண்ணிய சட்டம் வகுப்புகளை எண்ணவில்லை, அவ்வளவுதான். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் தங்கள் பணிவிடைக்கென்றே நேர்ந்துவிடப்பட்டவர்.

காலையில் வருகைப் பதிவு கேட்கிறீர்கள். பிறகு சத்துணவு சாப்பிடுவோர் எண்ணிக்கை. பிறகு உயரம், எடை, இரத்த வகை, ஆதார், வங்கிக் கணக்கு. கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் கேட்கிறீர்கள். வரவில்லை என்று பதிந்தோம், நன்றி என்றீர்கள். பள்ளிக்குள் சிக்னல் கிடையாது. மேல்நிலைத் தொட்டியடியில் போய் நின்றால் ஒரு கோடு வரும். ஆகவே தலைமையாசிரியர் தொட்டியடியில். டீச்சரம்மா ஐந்து வகுப்புக்கும் நடுவில். அவர் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் போட்டுக்காட்டத் திரும்பினால், ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி ஒண்ணுக்கு வருகிறது என்று அழுகிறாள். இதைப் பதிய தங்களிடம் கட்டம் எதுவும் இல்லையாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். இந்த மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு. தங்கள் திருநாமம் அதில் இல்லை. ஒருவேளை பேரிடர் என்ற தலைப்பில் தாங்கள் அடங்கிவிடுகிறீர்களோ என்னவோ.

இன்னொரு சங்கதி. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். இதுவும் அதே சட்டம். நல்ல ஏற்பாடுதான், ஏழை வீட்டுப் பிள்ளை டை கட்டினால் யாருக்கு வலிக்கும்? ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பணம் கொடுத்து அங்கே அனுப்பிவிட்டு, ஜூன் மாதத்தில் எங்கள் தலைமையாசிரியரிடம் சேர்க்கை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்கிறார்கள். விளக்கத்தையும் தங்களிடம்தான் பதிவேற்ற வேண்டுமாம். அவர் மறுபடியும் தொட்டியடிக்குப் போய்விட்டார்.

எனவே தாங்களே வந்து பாடம் நடத்திவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஒன்றும் இரண்டும் தாழ்வாரத்தில் உட்காரும். நான்காம் வகுப்பு கொஞ்சம் சத்தம் போடும். சாக்பீஸ் பீரோவில் இருக்கிறது.

தாங்கள் வரும் நாளில் சர்வர் பழுது என்றால் முதல் நாளே சொல்லிவிடவும். அன்றைக்கு எங்கள் ஆசிரியர்கள் பாடம் நடத்திக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டில் ‘பெற்றோர் / பாதுகாவலர்’