14 கோடிப் பச்சைக் கல்

ட்ருஹியோ, பெரு
ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அறுத்துக் காயவைத்த பச்சைக் கல்லெல்லாம் ஒரே ராத்திரி மழையில் கரைந்து போயிற்று என்று படித்தபோது வயிறு எரிந்தது. அதே கடிதத்தில், "மண் மேட்டைப் பார்க்கக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினாயாமே, நம்ம சூளைக்கு வந்திருந்தால் ஓசியிலேயே காட்டியிருப்பேனே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாப்பா போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று தெரிகிறது.

டிக்கெட் வாங்கியது உண்மை. ஆனால் அது மேடு இல்லை சித்தப்பா, கோயில். அத்தனையும் பச்சைக் கல். சுடாத செங்கல்லை அடுக்கிப் பிரமிடு மாதிரிக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,500 வருஷமாக நிற்கிறது. உலகத்திலேயே இதை முழுசாக ரசிக்கக்கூடிய ஆள் நீங்கள்தான் என்பதால் சாவகாசமாக எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் இந்தக் கரையில் ஒரு பக்கம் பசிபிக் கடல், மறு பக்கம் ஆண்டிஸ் மலை, நடுவில் பாலைவனம். மலையிலிருந்து ஆறு இறங்கும் இடத்தில் மட்டும் பச்சை. மழை என்பதே அபூர்வம். குடைக் கடை ஒன்றைக்கூட இங்கே நான் பார்த்ததில்லை. ஆனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை 'எல் நீன்யோ' என்று ஒன்று வரும். கடல் சூடாகி, பெய்யாமல் வைத்திருந்த பாக்கியையெல்லாம் வட்டி போட்டுக் கொட்டிவிடும். 2017-இல் ட்ருஹியோ நகரத்தின் நடுத்தெருவிலேயே சேறும் தண்ணீருமாக ஓடியது.

இந்த ஊரில்தான் கி.பி. 100 முதல் 800 வரை இந்தக் கோயிலைக் கட்டிய மோச்சே என்கிற ஜனங்கள் கோலோச்சினார்கள். பெரு என்றால் நமக்கு இன்காதான் ஞாபகம் வரும். இன்காக்கள் இந்தப் பக்கம் படையெடுத்து வந்தது மோச்சே காலம் முடிந்து அறுநூறு வருஷத்துக்கும் பிறகு. மோச்சேக்காரர்களுக்கு எழுத்து கிடையாது. ராஜா பேர் தெரியாது, ராணி பேர் தெரியாது. பானையிலும் சுவரிலும் சவக்குழியிலும் இருப்பதை வைத்துத்தான் எல்லாக் கதையும்.

கோயிலுக்குப் போன விதத்தைச் சொல்ல வேண்டும். ட்ருஹியோவிலிருந்து வேனில் கொஞ்ச தூரம், அப்புறம் ஆட்டோ. ஏறி உட்கார்ந்து பார்த்தால் முகப்பில் 'பஜாஜ்' என்று இருக்கிறது. பெரு முழுக்க நம் ஊர் ஆட்டோதான் ஓடுகிறது சித்தப்பா. "இது எங்கள் தேசத்து வண்டி" என்று டிரைவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் உடனே வண்டியை ஓரங்கட்டி, ஸ்பேர் பார்ட்ஸ் மலிவாக வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் கூலியில் இந்த ஊர்க் காசு ஒரு சோல் கூட்டிவிட்டார். வண்டியில் மட்டுமில்லை, மீட்டர் விஷயத்திலும் இரண்டு தேசமும் ஒன்றுதான்.

கோயிலுக்குள் தனியாகப் போக விடமாட்டார்கள். டிக்கெட்டோடு வழிகாட்டியும் சேர்த்தி. ஆள் சேர்ந்ததும் ஒரு கூட்டமாகக் கூட்டிப் போகிறார்கள். எங்கள் கூட்டத்தில் லிமாவிலிருந்து வந்த வாத்தியார் தம்பதி, ஊன்றுகோலோடு இரண்டு ஜெர்மானியர்கள், பேரன் பேத்தியோடு ஒரு பாட்டி, நான். இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஷாருக் கான் சௌக்கியமா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, "சௌக்கியம்தான் பாட்டி" என்றேன். அதன்பிறகு படி வந்த இடமெல்லாம் என் தோளைப் பிடித்துத்தான் ஏறினார்.

வெள்ளைக் குன்று என்று ஒரு மொட்டை மலை. அதன் அடிவாரத்தில் ஒன்றை ஒன்று பார்த்தபடி இரண்டு கோயில். பெரியது சூரியன் கோயில், 'வாக்கா தெல் சோல்'. சின்னது சந்திரன் கோயில், 'வாக்கா தே லா லூனா'. நடுவில் அரை கிலோமீட்டர் அகல மணல்வெளி. அதற்கடியில் ஒரு ஊரே புதைந்து கிடந்திருக்கிறது. தெரு, வீடு, குயவர் பட்டறை எல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் சமாசாரத்துக்கு வருகிறேன். சூரியன் கோயிலுக்குச் செலவான கல் எத்தனை தெரியுமா? வழிகாட்டிப் பெண் ஸ்பானிஷில் சொன்னதை மனசுக்குள் கோடியாக மாற்றிப் பார்த்தேன். 14 கோடி. நம் சூளையில் வருஷத்துக்குப் பத்து லட்சம் கல் என்று வைத்துக்கொண்டாலும், மழை இல்லாமல், ஆள் ஓடாமல், லாரி ஸ்டிரைக் இல்லாமல் 140 வருஷம் அறுக்க வேண்டும். சந்திரன் கோயில் சின்னது என்றேனே, அதற்கே 5 கோடி.

ஏன் சுடவில்லை என்று கேட்பீர்கள். சூளை தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் சுட்ட பானையில் மனுஷ முகம் செய்திருக்கிறார்கள். ஒரு முகத்தில் சிரிப்பு, இன்னொன்றில் வீங்கிய கன்னம், அசல் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஆனால் பாலைவனத்தில் 14 கோடிக் கல்லைச் சுட விறகுக்கு எங்கே போவது? மழையே இல்லாத ஊரில் சுடுவானேன்?

கட்டின விதம் இன்னும் வேடிக்கை. கல்லை மேலே மேலே அடுக்கித் தனித்தனித் தூணாக எழுப்பியிருக்கிறார்கள். ஒரு தூணை ஒட்டி அடுத்த தூண். இரண்டுக்கும் நடுவில் பிணைப்பே கிடையாது. நம் கொத்தனார் பார்த்தால், "ஜாயின்ட் மேலே ஜாயின்ட் வருதே!" என்று தலையில் அடித்துக்கொள்வார். அடிக்கடி பூமி ஆடுகிற தேசம், ஒரு தூண் ஆடினாலும் பக்கத்துத் தூணை இழுத்துக்கொண்டு விழாது என்று வழிகாட்டிப் பெண் விளக்கம் சொன்னாள்.

அப்புறம் சுவரில் ஒரு இடத்தைக் காட்டி, கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னாள். கல்லின் முகத்தில் ஒரு குறி. ஈரமாக இருக்கும்போதே விரலால் அழுத்திய குழி. குழியின் ஓரத்தில் மண் பிதுங்கி அப்படியே காய்ந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ள கல்லிலும் அதே குழி, அதற்கும் கீழே அதே. பக்கத்துத் தூணில் வேறு குறி, ஒரு கோடு. இந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட குறிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். வளைவு, சுழி, உள்ளங்கை, பாதம் என்று தினுசு தினுசாக. ஒவ்வொரு ஊரும் இத்தனை கல் அறுத்துக் கொடுத்து, தன் பங்குத் தூணைத் தானே கட்டிவிட்டுப் போக வேண்டும், வரிக்குப் பதில் உழைப்பு, அதற்காகத்தான் குறி என்று ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்கள். உங்கள் அச்சில் தாத்தா பேரெழுத்தைச் செதுக்கி வைத்திருக்கிறீர்களே, அதே சங்கதிதான். கல் லாரியில் ஏறிவிட்டால் யார் கல் என்ற சண்டை வரக்கூடாது.

சூரியன் கோயிலின் மேல் ஏற விடுவதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் யாரோ கடித்துத் தின்ற மாதிரி இருக்கும். கடித்தது ஆறு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் உள்ளே தங்கம் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தார்கள். 14 கோடிக் கல்லை மண்வெட்டியால் வெட்டி முடியுமா? மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டார்கள். பச்சைக் கல்லில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இந்த மாசம் உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கோயிலில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்து கடலுக்குப் போய்விட்டது. இதெல்லாம் திருட்டுத்தனமாக இல்லை. கல்லறை தோண்ட, சுரங்கம் வெட்டுகிற மாதிரி லைசென்ஸ் வாங்கிக் கம்பெனி வைத்தார்கள். கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு வரி. ராஜா ஸ்பெயினில் உட்கார்ந்து ரசீது கொடுத்தார்.

சந்திரன் கோயில்தான் உள்ளே போய்ப் பார்க்கிற இடம். வெளியே நின்றால் உங்கள் மண் மேடேதான். உள்ளே போனால் வாய் பிளந்துவிடும். சுவரெல்லாம் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை வர்ணம், நேற்றுப் பூசிய மாதிரி. கட்டம் கட்டமாக ஒரு சாமி முகம்: உருட்டு விழி, கோரைப் பல், தலையைச் சுற்றிக் கடலலை மாதிரி சுருள். பேர் ஐ அப்பாயெக். கையில் கத்தியும் வெட்டிய தலையுமாகவும் அவரைப் படம் போட்டிருக்கிறார்கள். ஜெர்மானியர்கள் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அவர் அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. எல்லைச் சாமியைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கோரைப் பல்லெல்லாம் ஒரு பயமா?

வர்ணம் ஏன் போகவில்லை என்பதுதான் விசேஷம். நூறு வருஷத்துக்கு ஒரு தடவை என்கிற கணக்கில் பழைய கோயிலை இடிக்காமல், அறை அறையாகப் பச்சைக் கல்லால் நிரப்பி மூடிவிட்டு, அதன்மேல் அதைவிடப் பெரிய கோயில் கட்டினார்கள். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கோயில். மூடி வைத்ததால் உள் சுவர் வெயில் படாமல் தப்பித்தது. சான்டியாகோ உசேதா, ரிக்கார்தோ மொராலெஸ் என்ற இரண்டு பேர் தலைமையில் ட்ருஹியோ பல்கலைக்கழகத்தார் 1991-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். பணம் கொடுத்தவர்களில் முக்கியமானது 'பாக்குஸ்' பீர் கம்பெனியின் அறக்கட்டளை. இங்கே ஞாயிற்றுக்கிழமை குடிக்கிறவர்கள் எல்லோரும் தொல்லியலுக்குத் தொண்டு செய்கிறோம் என்று நிம்மதியாகக் குடிக்கிறார்கள்.

கடைசியாக வழிகாட்டிப் பெண் எங்களை வடக்கு முகப்புக்குக் கூட்டி வந்தாள். படிப்படியாக ஏழு அடுக்கு, ஒவ்வொன்றிலும் மண்ணாலான புடைப்புச் சிற்பம். மேலே பாம்பு, சிலந்தி, மீன்பிடிக்கிற சாமி, கைகோத்து நிற்கிற வரிசை என்று போகிறது. கண் மட்டத்தில் உள்ள கீழ் அடுக்கில் ஒரு ஊர்வலம். ஜெயித்த வீரர்கள் முன்னே நடக்கிறார்கள், தோற்றவர்கள் துணியில்லாமல், கழுத்தில் கயிற்றோடு பின்னால். முதல் ஆளின் கயிற்றை அடுத்தவர் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பாட்டி முந்தானை மாதிரி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பாவம், பிள்ளைகள்" என்றார்.

பாவம்தான். 1995-இல் ஸ்டீவ் பூர்ஷே என்ற ஆராய்ச்சியாளர் பின்பக்க முற்றத்தில் தோண்டியபோது எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்பு கிடைத்தது. எல்லாம் வாலிப வயசு, திடகாத்திரமான ஆட்கள். கழுத்து எலும்பில் கத்தி பட்ட தடம். சில உடல்கள் மழைச் சேற்றுக்குள்ளேயே கிடந்தன. எல் நீன்யோ மழை கொட்டியபோது சாமி கோபத்தைத் தணிக்கக் கொடுத்த பலி என்கிறார்கள். பச்சைக் கல் கரைந்ததற்கு நீங்கள் வானிலை அறிக்கை வாசிப்பவரைத் திட்டியதோடு நிறுத்திக்கொண்டீர்கள். அந்த மட்டுக்கும் நாம் முன்னேறியிருக்கிறோம். வழிகாட்டிப் பெண் முகத்தை மாற்றாமல், "மழை சீசன் வருகிறது, ஆரோக்கியமான வாலிபர் யாராவது முன்வருகிறீர்களா?" என்று கேட்டாள். பாட்டியின் பேரன் கொஞ்சமும் யோசிக்காமல் பெரிய ஜெர்மானியரைக் காட்டினான்.

வெளியே வந்தால் வாசலில் ஒரு நாய். உடம்பில் ரோமமே கிடையாது, சாம்பல் நிறத் தோல், உச்சந்தலையில் மட்டும் நாலு முடி. சொறி நாய் என்று கல்லெடுக்கத் தோன்றும். ஆனால் இந்த ஜாதி நாய்க்கு 'விரிங்கோ' என்று பேர், சட்டம் போட்டுத் தேசியச் சொத்தாக அறிவித்திருக்கிறார்கள். மோச்சே பானைகளிலேயே அதன் உருவம் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், வெந்நீர்ப் பை மாதிரி சூடு. மூட்டு வலிக்காரர்கள் ராத்திரி காலோடு அணைத்துக்கொண்டு படுப்பார்களாம். சித்தியின் முழங்காலுக்கு ஒன்று அனுப்பலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நாயை விடுவதா என்று முதலில் கத்துவார், அப்புறம் யோசிப்பார்.

சித்திக்கு இன்னொரு செய்தி. இங்கிருந்து வடக்கே 'எல் புருஹோ' என்ற இடத்தில் ஒரு மோச்சே அரசியின் உடல் கிடைத்து, 2006-இல் உலகத்துக்கே தெரிந்தது. கை நிறையப் பாம்பும் சிலந்தியுமாகப் பச்சை குத்தியிருக்கிறது. கூடவே மூக்கணிகள், போர்க்கதாயுதங்கள். அதுவரை மோச்சேயில் ஆண்கள் மட்டும்தான் ஆண்டார்கள் என்று புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அடுத்து அங்கே போகலாம் என்றிருக்கிறேன். அதற்கும் டிக்கெட் உண்டு.

சித்தப்பா, தங்கம் தேடினவர்கள் கிடைத்ததை உருக்கி வரி கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கோயில் கட்டச் சொன்ன ராஜா பேரும் போய்விட்டது. ஆனால் இது இந்த ஊர்க்காரன் அறுத்த கல், அது அடுத்த ஊர்க்காரன் அறுத்தது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடிகிறது. அச்சில் எழுத்து தேய்ந்துவிட்டது, புதுசு செய்யச் செலவாகும், இனி எழுத்தில்லாமலே அறுக்கலாம் என்று நீங்கள் சொன்னதாகப் பாப்பா சொன்னாள். அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். தச்சரிடம் புது அச்சுக்குச் சொல்லிவிடுங்கள். எழுத்தை ஆழமாகவே வெட்டச் சொல்லுங்கள். இந்த மாசப் பணத்தோடு அதற்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். வேறு செலவுக்கு எடுத்தால் பாப்பா போட்டுக்கொடுப்பாள்.

அன்புடன்,
உங்கள் குமார்

பி.கு.: இங்கே எலி சாப்பிடுகிறார்களாமே என்று சித்தி கேட்டிருந்தார். எலி இல்லை, கினிப் பன்றி. வீட்டில் வளர்த்து முழுசாகப் பொரித்து, பல்லோடு தட்டில் வைக்கிறார்கள். நான் சாப்பிடவில்லை என்று சித்தியிடம் சொல்லுங்கள். ருசி எப்படி என்பதை உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.