எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவி?

கேள்வி: பிரிட்டன் குடியுரிமை கேட்பவர்களுக்கு வரலாற்றுத் தேர்வு வைப்பது நியாயம்தானே?

பதில்: 45 நிமிடம், 24 கேள்வி, 18 சரியென்றால் தேர்ச்சி. மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரும் அதற்கான புத்தகத்தில் உண்டு (அவரே வரிசை தப்பாமல் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்). குடிமகனுக்கு நாட்டு வரலாறு தெரிய வேண்டாமா என்பீர்கள். தெரியட்டும், ஆனால் அங்கேயே பிறந்தவரை யாரும் கேட்பதில்லையே! ஆங்கிலம் தெரியுமா என்று பார்க்கத் தனி ஏற்பாடு இருக்கிறது, நடத்தையையும் விசாரிக்கிறார்கள், பொதுவாக ஐந்தாண்டு அங்கே வசித்திருக்கவும் வேண்டும். அத்தனை ஆண்டு வரி கட்டி வாழ்ந்தது காட்டாத எதை இந்த மனப்பாடம் காட்டிவிடும்? 2018இல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்றே இந்தத் தேர்வைக் குறை கூறியது. 65 வயதானால் விலக்கும் உண்டு. அந்த வயதில் ஹென்றியை மறந்தால் நாட்டுக்கு ஆபத்தில்லை போலும்.