கடலில்லா ஊரில் கப்பல் வேலை

ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருக்கையில், நெய்வேலி குவார்ட்டர்ஸ்காரர் ஒருவருக்குப் பழைய பாய்மரப் படகை வாங்கிச் செப்பனிடும் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்குப் பஞ்சமில்லை, கொல்லையில் பலாமரத்து நிழல் இருக்கிறது. வில்லன் வெயில்தான். மரப்படகு தண்ணீரில் ஊறி உப்பினால்தான் பலகைகள் நெருங்கும். கரையில் கிடந்தால் காய்ந்து இடைவெளி விடும். மார்கழியில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிய விரிசல், கத்திரியில் மறுபடி வாய் பிளந்து நிற்கும்.

தண்ணீரா இல்லை? பழுப்பு நிலக்கரிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். பம்புகளை நிறுத்திவிட்டால் நெய்வேலிக்கே ஒரு துறைமுகம் கிடைத்துவிடும். என்ன, அவருடைய ரிடையர்மெண்ட் அன்றைக்கே வந்துவிடும்.

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற கப்பல் பாய் விரித்துப் போய், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டரில் நங்கூரமிட்டது. நம்மவர் படகுக்கும் கன்னிப் பயணம் உண்டு: குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும் நாளில், லாரி மேல், பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே. அதையும் ஏற்ற வேண்டுமா என்று வீட்டுக்கார அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை.