பேராதனை மாமா

வில்லாவுட் என்றால் எங்கட ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தடுப்பு முகாம். அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரயில் சத்தம் கேட்கும் ஒரு பழைய ஃபைப்ரோ வீட்டில், 1980ஆம் ஆண்டின் பேராதனைக் கம்பஸ் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நடத்துகிறவர் மாமா. யாருக்கு மாமா என்று கேட்கக் கூடாது. யூனிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும்தான்.

பெப்ரவரி பிறந்தால் அவருக்குச் சீசன். "பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது, ஒருக்கா உங்களோட கதைச்சிட்டு வரட்டும்" என்று தாய்மார் அனுப்பிவைப்பார்கள். பிள்ளை வரும். மீன் கட்லட் வரும், பால் தேத்தண்ணி வரும். பிறகு பேராதனை விடுதியான அக்பர் மண்டபம் வரும். அது வந்தால் லேசில் போகாது.

"ஒரு லெக்சரையும் விடக்கூடாது தம்பி" என்று தொடங்குவார். அடுத்த மூச்சில், லெக்சர் நாளில் அந்தானை மலை ஏறிய கதை. மலையில் அட்டை கடித்தது வலது காலிலா இடது காலிலா என்பதில் மாமாவுக்கும் மாமிக்கும் வருசா வருசம் கருத்து வேறுபாடு. இத்தனைக்கும் மாமி அந்தக் கம்பஸை எட்டியும் பார்த்ததில்லை. "நோட்ஸை நீயே எழுத வேணும்" என்பார். பரீட்சைக்கு முதல்நாள் விடியும்வரை சீனியர் எடுத்த குப்பி வகுப்பில் தப்பிய கதை அதற்கு உதாரணம். கணிதம் கோட்டைவிட்டதை மட்டும் அவர் அப்படிச் சொல்வதில்லை. "மற்றவை ஒருக்காப் படிச்சதை நான் ரெண்டு தரம் ஆழமாப் படிச்சனான்."

போன வருசம் வந்த பெடியன் கொஞ்சம் வாய்க்காரன். "மாமா, லெக்சர் எல்லாம் ரெக்கோர்டிங்தான். வீட்டில இருந்து இரட்டை வேகத்தில பார்ப்பம்."

மாமா உண்மையாகவே கவலைப்பட்டார். "அப்ப நித்திரை கொள்ளுறது எங்க?"

பகிடிவதைக் கதையில் அவரை யாரும் வெல்ல முடியாது. அக்பர் பாலத்தில் சீனியரைக் கண்டால் தலை குனிந்து நடந்த விதத்தை எழும்பி நடந்தே காட்டுவார், முழங்கால் நோவையும் பாராமல். "உங்கட சீனியர்மார் என்ன செய்வினம்?"

"ஓ-வீக்கில சொசேஜ் சுட்டுத் தருவினம், மாமா."

"சரி. தந்திட்டு?"

"அவ்வளவுதான்."

மாமா நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

சிக்கனப் பாடம் தனி. இலவசக் கல்வியில் ஒரு சதம் கட்டாமல் படித்த மனிதர், ஹெக்ஸ் கடனில் படிக்கிற பிள்ளையிடம் காசின் அருமையைச் சொல்லும்போது கட்லட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதே மரியாதை. ஆஸ்திரேலியாவிலும் 1974இல் பல்கலைக்கழகக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 1989இல் ஹெக்ஸ் வந்தது. அந்த இடைவெளிக்குள் இங்கே வந்து சேராத குறை மாமாவுக்கு இன்னும் உண்டு.

பத்து வருசமாகக் கேட்கிறேன். ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கதை எப்போதும் 1983 ஏப்ரல்வரை நல்ல விபரமாக வரும்: யார் கிற்றார் வாசித்தது, எந்தக் கன்ரீனில் கடன். பிறகு நேராகச் சிட்னி விமான நிலையத்தில் போய் இறங்கிவிடும். அந்த மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர்களை அடித்தார்கள். அந்த இடம் வந்தால் மாமி "சோறு ஆறுது" என்று எழும்புவா. அடுப்பில் சோறு இருக்காது.

போகிற பிள்ளைக்கு வாசலில் கடைசி அறிவுரை. சப்பாத்து வைக்கும் தட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அதைத் தொட்டுக் காட்டுவார். "சேர்ட்டிபிக்கட் எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக் கதவுக்குக் கிட்ட வை."

வாய்க்காரப் பெடியன் சிரித்தான். "எல்லாம் ஃபோனில இருக்கு, மாமா."

மாமா யோசித்தார்.

"அப்ப ஃபோனைக் கதவுக்குக் கிட்ட வை."